கொழுக்கட்டைப் புல்: வேரே முதல், இலையே வட்டி

மழை பொய்த்த ஆண்டில் குடியானவன் வீட்டை விட்டு முதலில் வெளியேறுவது கால்நடையேயாகும். நகை அடகுக்குப் போகுமுன்னரே கறவை மாடு சந்தைக்குப் போய்விடுகிறது. தீவனமில்லாத காலத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வருவதால் விலையும் சரிந்துவிடுகிறது. மறு ஆண்டு மழை பெய்த பிறகு, விற்ற மாட்டுக்கு ஈடாக வேறொன்று வாங்கச் சங்கத்தில் கடன் மனுப் போட வேண்டியிருக்கிறது. சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சுழற்சி நன்கு பழக்கமானது.

இச்சுழற்சியை ஓரளவேனும் தடுத்து நிறுத்தக்கூடிய ஒரு புல்லைப் பற்றி இவ்விதழில் எழுத முற்படுகிறோம். கொங்கு நாட்டு அங்கத்தினர்களுக்குக் கொழுக்கட்டைப் புல் என்ற பெயர் புதிதன்று. ஆயினும் அதைப் பயிராகக் கருதி விதைத்து, காத்து, அளவறிந்து மேய்க்கும் முறையை அறிந்தோர் இன்று குறைந்து வருகின்றனர். நாமே அதை ஒரு தவறு செய்த பின்னர்தான் அறிந்துகொண்டோம். அத்தவற்றையும் மறைக்காமல் கூறிவிடுவது முறையென்று எண்ணுகிறோம்.

தவணையும் புல்லும்

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் மூன்று ஏக்கர் மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப் புல் விதைத்து ஆடு வளர்ப்பதற்காக மத்திய காலக் கடன் பெற்றார். புரட்டாசியில் விதைத்தார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை தாராளமாகப் பெய்தது. மார்கழியில் புல் முழங்கால் உயரம் எழும்பி நின்றது. தை மாதம் முதல் தவணை செலுத்த வேண்டிய நாள் வந்தது. அவரிடம் ரொக்கம் இல்லை.

"இன்னொரு மழைக்காலம் வரைக்கும் புல்லைத் தொடாம உடோணுமுங்க. தவணையக் கொஞ்சம் தள்ளி வெக்க முடியுங்களா?" என்று அவர் நம்மிடம் கேட்டார்.

நாம் உத்தியோகத்தில் சேர்ந்து அதிக நாளாகவில்லை. தவணை தவறாமையே சங்கத்தின் உயிர்நாடி என்று பயிற்சியில் கற்றிருந்தோம். விதிப்படி நடந்துகொள்ளுமாறு அவருக்கு எடுத்துரைத்தோம். வேறு வழியின்றி அவர் ஆட்டு மந்தை வைத்திருந்த ஒருவருக்கு மேய்ச்சலைக் குத்தகைக்கு விட்டுத் தவணைப் பணத்தைக் கட்டினார். வசூல் அறிக்கையில் குறையேதும் இல்லை, நாம் கையெழுத்திட்டோம்.

மந்தை இருபது நாள் அந்நிலத்தில் மேய்ந்தது. வேர் ஊன்றாத தூர்கள் ஆட்டின் வாயோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. எஞ்சியவை தரையோடு தரையாகக் கடிக்கப்பட்டுக் கோடையைச் சந்தித்தன. அந்த ஆண்டு, அதாவது 2016இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. மாசி மாதம் அந்நிலத்தைப் பார்வையிடச் சென்றபோது அங்கே செம்மண்ணும் சுக்காங்கல்லுமே எஞ்சியிருந்தன.

வேலிக்கு மறுபுறம் ஒரு மூதாட்டியின் கொரங்காடு இருந்தது. அங்கே புல் காய்ந்திருந்ததேயொழிய அழியவில்லை. தூர் தூராக, வைக்கோல் நிறத்தில் நின்றது. இரண்டு மாடுகள் அதைக் கடித்துக்கொண்டிருந்தன. இரு நிலத்துக்கும் ஒரே மழைதானே, இந்த வேற்றுமை எப்படி வந்தது என்று அந்த அம்மையாரை வினவினோம்.

"மழை ஒண்ணுதானுங்க தம்பி. அவன் காட்டுல வேர் புடிக்கறதுக்கு முந்தி வாய் வெச்சுட்டாங்க. வேர் புடிச்ச பொறவு, மழை ஏமாத்துனாலும் புல்லு ஏமாத்தாது" என்றார்.

2017 ஆவணியில் மழை பெய்தது. சில நாட்களுக்குள் அவருடைய காடு பச்சை பிடித்தது. பக்கத்து நிலத்தில் களையே முளைத்தது. அந்த அங்கத்தினர் ஆடுகளை விற்றுவிட்டார்; அடுத்த தவணைகளும் தவறின. அவருக்கு அனுப்பப்பட்ட நோட்டீஸிலும் நம் கையெழுத்தே இருந்தது. உரிய காலத்தில் வசூலித்த ஒரு தவணை, பின்னால் வரவேண்டிய தவணைகள் அனைத்தையும் அழித்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தோம்.

புல்லின் இயல்பு

இப்புல்லைத் தாவர நூலார் செங்க்ரஸ் சிலியாரிஸ் என்பர். இது பல்லாண்டு வாழும் புல். தூர் கட்டி வளரும். மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை எழும்பும். கதிர் நரிவால் போன்றிருக்கும். விதைகள் மெல்லிய மயிரிழைகளால் மூடப்பட்டிருக்கும்.

இதன் வலிமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. தண்டின் அடிப்பாகம் சற்றே பருத்து, மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. நன்கு ஊன்றிய தூரின் வேர் இரண்டு மீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கும். மேற்பரப்பு உலர்ந்த பின்னரும் அடிமண்ணின் ஈரத்தை அது உறிஞ்சுகிறது. கடும் வறட்சியில் இலை காய்ந்தாலும் அடித்தண்டு உயிரோடிருந்து, அடுத்த மழையில் சேமித்த சத்தைக் கொண்டே துளிர்க்கிறது.

சங்க அங்கத்தினர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். வேரும் அடித்தண்டும் முதல், இலை வட்டி. வட்டியை உண்டு வாழும் குடும்பம் பஞ்சத்தையும் தாண்டும். முதலில் கை வைத்த குடும்பத்துக்கு அடுத்த ஆண்டு வட்டியும் இல்லை, முதலும் இல்லை. முளைத்து நான்கு மாதமான புல்லில் இன்னும் முதலே சேரவில்லை. அதனிடம் நாம் வட்டி கேட்டோம்.

ஆப்பிரிக்கத் தாயகம்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்கள் இப்புல்லின் தாயகம். அங்கிருந்து அரபு நாடுகள், மேற்கு ஆசியா வழியாக நம் நாட்டின் வறண்ட பகுதிகள் வரை இது இயற்கையாகவே பரவியுள்ளது. ராஜஸ்தானத்தில் இதை அஞ்சன் என்றும் தாமன் என்றும் அழைக்கின்றனர். கொங்கு நாட்டில் கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்களுக்கிடையே இப்புல்லைக் காக்கும் தனியார் மேய்ச்சல் நிலமே கொரங்காடு. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்த மேய்ச்சலில் வளர்ந்த இனங்கள்.

ஆனால் விதைத் தேவைக்காக உலகம் நாடிச் சென்றது ஆப்பிரிக்காவையே. கென்யாவின் துர்க்கானா வறண்ட பிரதேசத்திலிருந்து சேகரித்த விதை 1946இல் அமெரிக்காவுக்குப் போயிற்று. அதிலிருந்து வந்த ரகம் டெக்ஸாஸ் மாநிலத்துப் பண்ணைகளில் பரவியது. ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற பிலோயலா ரகம் தான்சானியாவின் டொடோமாப் பகுதியிலிருந்து சென்றது. மோலோப்போ என்னும் ரகம் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது.

தாயகத்திலேயே இப்புல் தேய்ந்த இடங்களும் உண்டு. கென்யாவின் பரிங்கோ ஏரிப் பகுதியில் ஓயாத மேய்ச்சலால் நிலம் மொட்டையாகி, மண் அரித்துப் போயிற்று. அங்கே 1982ஆம் ஆண்டு முதல், நிலத்துக்கு வேலியிட்டு, மழைநீர் தங்க வரப்புக் கட்டி, உள்நாட்டுப் புல் விதைகளை விதைத்து மீட்கும் பணி நடைபெற்றது. விதைக்கப்பட்டவற்றில் கொழுக்கட்டைப் புல்லும் ஒன்று. குறித்த காலம் வரை எவர் மந்தையும் உள்ளே செல்லலாகாது என்று ஊரார் தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். புல் ஊன்றிய பின்னர் மேய்ச்சல், காய்ந்த புல், கூரைப் புல், விதை ஆகியவற்றின் விற்பனையால் வருமானம் வந்தது. மக்குவேனி, கிட்டுயி முதலிய பகுதிகளிலும் உழவர்கள் ஏர் மாட்டைக் கொண்டு சரிவுக்குக் குறுக்கே சால் ஓட்டி, சாலில் தங்கும் நீரில் புல் விதைக்கின்றனர்.

இம்முயற்சிகளின் வெற்றிக்கு விதையைவிடக் கட்டுப்பாடே பெரிய காரணம் என்று கருதுகிறோம். பத்துப் பேர் பொறுத்திருந்தாலும் பதினோராவது பேர் படலைத் திறந்துவிட்டால் புல் பிழைப்பதில்லை. பலரும் சேர்ந்து பொறுப்பது கூட்டுறவாளருக்குப் புதிய பாடமன்று.

நிலமும் விதையும்

நம் அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டிய முறைகளை இனிச் சுருக்கமாகக் கூறுவோம்.

மணல் கலந்த செம்மண்ணும், நீர் வடியும் சரளை நிலமும் இப்புல்லுக்கு ஏற்றவை. நீர் தேங்கும் களிமண் ஆகாது. வயல் தாழ்வாக இருந்தால் வேறு தீவனப் பயிரை நாடுவதே நல்லது.

விதை வாங்குகையில் அறுவடையான காலத்தைக் கேட்டறிய வேண்டும். புது விதை உறக்கத்தில் இருக்கும்; அறுவடை செய்து ஆறு முதல் எட்டு மாதங்கள் கழிந்த விதையே நன்கு முளைக்கும். நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளைப்பவற்றைக் கணக்கிட்ட பின்னரே விதைப்பது அறிவுடைமை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் நீலக் கொழுக்கட்டை எனப்படும். ஒரு ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை, அதாவது ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ போதுமானது.

நிலத்தை இரண்டு மூன்று முறை உழுது, கட்டிகளை உடைத்துச் சமன் செய்ய வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் மக்கிய தொழு உரம் இடலாம். இளம் நாற்றின் வேர் வளர்ச்சிக்கு மணிச்சத்து மிக அவசியம். மண் பரிசோதனை செய்து அதற்குத் தக்கபடி அடியுரமாக இடுதல் சிறந்தது.

வாய்க்கால் வசதி உள்ளோர் ஆனி, ஆடியில் விதைக்கலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலத்துக்குப் புரட்டாசியே ஏற்றது. மயிரிழைகளால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றிலும் பறக்கும். ஆகவே ஈர மணலோ சலித்த எருவோ கலந்து விதைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் இடைவெளி விடலாம்.

பலர் தவறுவது ஆழத்தில்தான். சோளத்தை விதைப்பதுபோல் உழுசாலில் புதைத்தால் இப்புல் விதை மேலே வராது. ஒரு சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். விதைத்தபின் முள்ளு மரக் கிளை ஒன்றைக் கட்டி நிலத்தின்மேல் ஒருமுறை இழுத்துவிட்டால் வேண்டிய மண் மூடிக்கொள்ளும். எறும்பு விதையைச் சுமந்து போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதை கிடைக்காத இடத்தில் பழைய தூரைப் பிரித்து, வேரோடு கூடிய கன்றுகளை மழைநாளில் நடலாம். சிறு நிலத்துக்கு இதுவே நம்பகமான வழி. மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் விதைத்தால் தீவனத்தில் புரதச்சத்துக் கூடும். மண்ணுக்கும் தழைச்சத்துச் சேரும்.

முதலாண்டுக் காவல்

முதல் இரண்டு மாதங்களில் களையே பெரும் பகை. புல் நாற்று மெலிந்தது. களை அதை எளிதில் அமுக்கிவிடும். ஒருமுறையேனும் கைக்களை எடுத்தே தீர வேண்டும்.

நீர் பாய்ச்சி வளர்க்கும் பாத்தியில் விதைத்த 70, 75 நாட்களில் முதல் அறுப்பு அறுக்கலாம் என்பது பரிந்துரை. அது அரிவாளுக்குச் சொன்னது. அரிவாள் இலையை மட்டும் எடுக்கும். ஆட்டின் வாய் தூரையே பிடுங்கும். மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் முதலாண்டு முழுவதும் கால்நடையை உள்ளே விடலாகாது. புல் கதிர் வாங்கி, விதை உதிர்த்து, அவ்விதை அடுத்த மழையில் இடைவெளிகளில் முளைக்கட்டும். மிகவும் தேவையானால் விதை உதிர்ந்த பிறகு அறுத்து வந்து கொட்டிலில் போடலாம்.

வேர் ஊன்றிவிட்டதா என்பதை அறிய அந்த மூதாட்டி நமக்குக் காட்டிய சோதனை எளியது. ஒரு பிடி இலையைக் கையில் சுற்றி ஆடு இழுப்பதுபோல் இழுக்க வேண்டும். இலை அறுந்து கையோடு வந்து தூர் நிலத்தில் நின்றால், வேர் பிடித்துவிட்டது. தூரே கையோடு வந்தால் படலைச் சாத்திவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நிலத்தின் பத்துப் பதினைந்து இடங்களில் இவ்வாறு பார்ப்பது நலம்.

மேய்ச்சலில் அளவு

ஊன்றிய புல்லைப் பல ஆண்டுகள் காத்துப் பயன் பெறலாம். நிலத்தை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பது முறை. புல் அரைச் சாண் உயரத்துக்கு இறங்கியதும் கால்நடையை அடுத்த பகுதிக்கு ஓட்டிவிட வேண்டும். மழை பெய்து புதுத் துளிர் விடும் வாரங்களில் புல் தன் சேமிப்பைச் செலவிட்டுக்கொண்டிருக்கும். அப்போது மேய்த்தால் நட்டம் அதிகம்.

பூக்கும் தறுவாயில் அறுத்த புல்லில் சத்து மிகுதி; முற்றி உலர்ந்ததில் புரதச்சத்துக் குறைந்துவிடும். நல்ல மழை ஆண்டில் மிகுவதை அத்தறுவாயில் அறுத்து, உலர்த்திப் போர் போட்டு வைப்பவர் பஞ்ச காலத்தில் சந்தைக்கு மாடு ஓட்ட வேண்டியிராது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பகுதியை விதைக்கென்று விட்டுவைப்பதும் அவசியம்.

இப்புல்லில் ஆக்ஸலேட் என்னும் பொருள் உண்டு. மாடுகளும் ஆடுகளும் பொதுவாக அதைத் தாங்கும். குதிரை வைத்திருப்போர் இதை மட்டுமே நெடுநாள் கொடுத்து வந்தால் எலும்பு பலவீனப்படும். ஆதலால் வேறு தீவனமும் கலக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

நல்ல புல்லும் இடந்தவறினால் களையாகும். ஆஸ்திரேலியாவுக்கு இது முதலில் 1870களில் ஒட்டகச் சேணங்களின் திணிப்போடு சென்றதாகக் கூறுவர். பின்னர் மேய்ச்சலுக்கென்று பெருமளவில் விதைத்தனர். இன்று அங்கே நாட்டுச் செடிகளை நெருக்கி அழிப்பதாகக் கண்டு, 2015இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் இதைக் களையென அறிவித்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும், காய்ந்த இப்புல்லில் பற்றும் தீ, தீயை அறியாத பாலைவனத்துப் பெருங்கள்ளிகளை அழித்துவிடுவதால், தொண்டர்கள் கையால் பிடுங்கி எறிகின்றனர்.

நம் வறண்ட காடுகளில் இது அயலான் அன்று. எனினும், வனத்தின் விளிம்பிலும் பொதுப் புறம்போக்கிலும் மனம்போல் விதைத்தல் கூடாது. கோடையில் நின்று காயும் புல் எளிதில் தீப்பற்றும். ஆதலால் வேலியை ஒட்டிப் புல்லில்லாத பாதை ஒன்றை உழுது வைப்பது அண்டை நிலத்தாருக்குச் செய்யும் கடமை.

சங்கங்கள் செய்ய வேண்டுவது

கடன் வழங்கும் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். மேய்ச்சல் நில அபிவிருத்திக்குக் கடன் கொடுக்கையில், முதல் தவணையை இரண்டாம் மழைக்காலத்துக்குப் பிறகே வைக்க வேண்டும். அதற்கு விதியில் இடமுண்டா என்பதைக் கடன் கொடுக்குமுன்பே பார்த்து, இல்லையேல் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். தை மாதத்தில் வந்து கைபிசைந்து நிற்கும் அங்கத்தினரிடம் விதிப் புத்தகத்தைக் காட்டிப் பயனில்லை. இதை அனுபவித்துச் சொல்லுகிறோம்.

விதை சேகரித்து, முளைப்புத் திறன் பார்த்து, அறுவடை மாதத்தைப் பையில் எழுதிச் சங்கத்தின் மூலம் விற்பதும் அரிய காரியமன்று. நல்ல ஆண்டில் அங்கத்தினர்களின் மிகுதிப் புல்லை வாங்கிப் பொதுவில் போர் போட்டு வைத்தால், பஞ்ச ஆண்டில் நியாய விலைக்குத் தரலாம்.

இதைப் படிக்கும் நெசவாளர் அன்பர்களிலும் தறி வீட்டுப் பின்புறம் இரண்டு ஆடு கட்டாதவர் குறைவு. அவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, இழை பிணைக்கும் நாட்களில் தறியில் ஒரு முழத் துணியும் விழாது. அந்நாட்களில் துணி எங்கே என்று எந்த நெசவாளர் சங்கமும் கேட்பதில்லை. புல்லுக்கும் பாவு ஓட்டும் காலம் ஒன்று உண்டு. அது மண்ணுக்கடியில் நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாம் முன்னர்க் கூறிய அங்கத்தினர், பழைய பாக்கியைத் தீர்த்த பின்னர் அந்த மூதாட்டியின் காட்டிலிருந்து தூர் பிரித்துக் கொண்டுவந்து ஓர் ஏக்கரில் மட்டும் நட்டார். இம்முறை கடன் கேட்கவில்லை. அடுத்த முறை பார்வையிடச் சென்றபோது படல் சாத்திக் கயிற்றால் கட்டியிருந்தது. எப்போது திறப்பதாக உத்தேசம் என்று கேட்டோம். "இழுத்துப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நாமும் குறிப்பேட்டை மூடிக்கொண்டு திரும்பினோம்.